சத்தமில்லாத காரும் கணேசன் சாரின் பதினொரு பாயிண்டும்

கார் விற்கிற தொழிலில் பெரிதாகப் பொய் சொல்ல வேண்டியதில்லை. சில நேரங்களில் வாயைத் திறக்காமல் நின்றாலே போதும், மாதக் கடைசியில் மேனேஜர் தோளில் தட்டிக்கொடுப்பார். மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு ஜப்பான் கார் ஷோரூமில் இருபது வருஷத்துக்கு மேல் அப்படி நின்றவன் நான். பெயர் சுப்பிரமணியம். ஷோரூமில் எல்லாருக்கும் மணியம். நீங்களும் டை கட்டிக்கொண்டு, கால் வலிக்க வலிக்கச் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசையும்போது ‘இன்றைக்கு ஏன் அப்படிச் செய்தோம்’ என்று கை நின்றுபோனவராக இருந்தால் மேலே படியுங்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

உட்கார வேண்டாம்

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஷோரூமுக்குப் புது மாடல் எது வந்தாலும் பந்திங்கிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்துவிடுவார். ஆறுமுகம் அண்ணன். செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர். சனிக்கிழமை மதியம் வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கியரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார். வாங்கப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் எந்த மாடலில் கிளட்ச் இறுக்கம், எதில் ஸ்டியரிங் கனம் என்பதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். திங்கட்கிழமை வருகிற வாடிக்கையாளரிடம் அதையே நான் கண்டுபிடித்ததுபோல் சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வருவதாக இருந்தது. சீட் அழுக்காகக் கூடாது என்று மேனேஜர் மிஸ்டர் லிம் சொல்லிவிட்டார். நான் ‘உட்கார வேண்டாம்’ என்று மூன்று மொழிகளில் எழுதிக் கார் கண்ணாடியில் ஒட்டினேன். மலாயும் ஆங்கிலமும் போதும் என்றுதான் மிஸ்டர் லிம் சொன்னார். தமிழைச் சேர்த்தது நான். அன்றைக்குத் தமிழ் படிக்கிறவர் ஒரே ஒருவர்தான் வருவார் என்பதும் எனக்குத் தெரியும். நேரில் சொல்ல வாய் வராததால் எழுதி ஒட்டினேன். அண்ணன் வந்தார், படித்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காரை இரண்டு சுற்று சுற்றினார். நான் எதையோ தேடுகிறவன்போல் மேசைக்கடியில் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஷோரூமுக்கு வரவேயில்லை. அன்று கிளம்பும்போது என் மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னார்:

“பரவால்ல தம்பி, வெளிய இருந்தே நல்லாத் தெரியுது. லைட்ட மட்டும் கொஞ்சம் பெருசாக்கிட்டாங்க போல.”

ஜம்பர் கேபிள்

தொண்ணூறுகளின் பின்பாதியில் எங்கள் கம்பெனி ஜப்பானிலிருந்து ஒரு விசித்திரமான காரைக் கொண்டுவந்தது. உள்ளே பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மின்சார மோட்டாரும் உண்டு. மெதுவாகப் போகும்போது மோட்டார் இழுக்கும். வேகம் எடுத்தால் எஞ்சின் சேர்ந்துகொள்ளும். விற்பனைக்கு இல்லை, முன்னோட்டமாகக் காட்டத்தான் வந்தது. கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் மண்டபத்தைப் பிடித்து, கார் என்றால் சாப்பாட்டை மறக்கிற ஆட்களாகப் பார்த்து அழைத்தோம். கிள்ளான் பக்கத்து ஆட்களைச் சேர்ப்பது என் பொறுப்பு. நேரில் ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் ஹோட்டலின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு சுற்று போய் வரலாம்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு அங்கிள் மகனோடு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. சாவியைத் திருப்பினார். சத்தம் இல்லை. மறுபடி அணைத்துவிட்டுத் திருப்பினார். “அங்கிள், ஸ்டார்ட் ஆயிடுச்சு, போலாம்” என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மூன்றாவது தடவையும் திருப்பினார். வரிசையில் நின்றவர்கள் சிரிக்க, நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அவருடைய மகன் தலையைக் குனிந்துகொண்டு வரிசையை விட்டு நகர்ந்து போனான். ஐம்பது பேருக்கு விளக்கம் சொன்ன நான் அந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அரை நிமிஷம் சொல்லியிருக்கலாம். அங்கிள் கதவைத் திறந்து இறங்கி, மிகவும் பொறுமையாகச் சொன்னார்:

“சிரிக்கிறத அப்புறம் சிரிங்க தம்பி. பேட்டரி வீக்கா இருக்கு. யார்கிட்டயாச்சும் ஜம்பர் கேபிள் இருந்தா எடுத்துட்டு வாங்க.”

பதினொரு பாயிண்ட்

அதே நிகழ்ச்சிக்கு நான் அழைத்துப் போனவர்களில் ஒருவர் கணேசன் சார். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியர். எங்கள் கம்பெனியின் பழைய கார் ஒன்றைப் பதினைந்து வருஷமாக வைத்திருந்தார். எண்ணெய் மாற்றுவது, பிளக் துடைப்பது எல்லாம் அவரே. மற்றவர்கள் காரோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் பின்பக்கம் சாமான் வைக்கிற பூட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்தார். மனைவியையும் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மாவுக்கு முட்டி வலி. பின்சீட்டில் ஏறக் காலைக் கையால் தூக்கி உள்ளே வைக்க வேண்டியிருந்தது. சார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பத்து நாள் கழித்து ஷோரூமுக்கு வந்து ஒரு கடிதம் கொடுத்தார். ஃபூல்ஸ்கேப் தாளில் நான்கு பக்கம், ஆங்கிலத்தில், பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. காரில் என்னென்ன குறை, எப்படித் திருத்தலாம் என்று பதினொரு பாயிண்ட். பேட்டரிப் பெட்டி தடிமனாக இருப்பதால் பூட்டில் இடமில்லை. தட்டையாக்கிச் சீட்டுக்கு அடியில் தள்ளலாம். மூன்றாவது, கதவின் வாசல் உயரம். அதற்கு ஒரு படமும் போட்டிருந்தார்: சீட், வாசல், ஒரு மனிதக் கால், அளவுகளோடு. இதை ஜப்பானுக்கு அனுப்ப வேண்டும் என்றார். நிச்சயமாக அனுப்புகிறேன் என்றேன்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அதை எடுத்துச் சக ஊழியர்களுக்கு முன்னால் வாத்தியார் குரலில் உரக்கப் படித்தேன். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு அதை மேசை இழுப்பறையில் பழைய விளம்பரத் தாள்களுக்கு அடியில் போட்டேன். அனுப்பக் கூடாது என்றெல்லாம் நினைக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். எங்கள் டைப்பிஸ்ட் லிண்டா மட்டும் சிரிக்காமல் கேட்டாள்:

“மணியம், அந்தப் படத்துல இருக்கிற கால் யாரோடது லா?”

எட்டுக் கட்டு

ஒன்றரை வருஷம் போனது. அதே காரை முழுக்க மாற்றி அமைத்து மறுபடியும் கொண்டுவருகிறார்கள் என்று செய்தி வந்தது. மறுபடி ஹோட்டல், மறுபடி அழைப்பு. இந்தத் தடவை மிஸ்டர் லிம் ஒரு நிபந்தனை போட்டார்: வெறும் ஆசைக்காரர்கள் வேண்டாம், வாங்கக்கூடிய ஆட்களாக வரட்டும். நான் பட்டியலைத் திருத்தினேன். முதல் தடவை வந்த ஒரு மெக்கானிக், ஒரு டாக்ஸிக்காரர், கார் படங்களை வெட்டி ஒட்டி ஆல்பம் வைத்திருந்த ஒரு தபால்காரர், மூன்று பேரையும் நீக்கினேன். கணேசன் சார் பெயரை நீக்கவும் பேனாவை வைத்தேன். அந்தக் கடிதம் நினைவுக்கு வந்து விட்டுவிட்டேன். அந்த மூன்று இடங்களில் ஒன்றில் கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா தெருவிலிருந்து ஒரு ஜவுளிக்கடை முதலாளியைச் சேர்த்தேன்.

முதலாளி வந்தார். மேடையில் திரை விலகி, புகை விட்டு, கார் மெல்லச் சுழன்றபோது எல்லாரும் கைதட்டினார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் நான் பக்கத்தில் அழைத்துப் போய் மோட்டாரையும் எஞ்சினையும் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். கேட்டுக்கொண்டே பூட்டைத் திறந்து கையை விரித்து அளந்தார். அந்தத் தபால்காரராக இருந்தால் காரின் அடியில் படுத்தே பார்த்திருப்பார். முதலாளி பூட்டை மூடிவிட்டு முடிவாகச் சொன்னார்:

“நல்ல காருதான் பாஸ். ஆனா எட்டுக் கட்டு துணி ஏறாது. அப்ப இது என்னாத்துக்கு லா?”

மூணாவது பாயிண்ட்

அதே மண்டபத்தின் மறுபக்கம் கணேசன் சார் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நான் கிட்டே போனபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. “மணியம், இங்க வாங்க. பேட்டரியத் தட்டையாக்கி சீட்டுக்கு அடியில தள்ளிட்டாங்க. மீட்டரக் கிட்டக் கொண்டு வந்துட்டாங்க. இதப் பாருங்க, வாசல்.” பின்கதவின் வாசல் முன்னைவிட நான்கு விரல் தாழ்ந்திருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டேன் என்றார். பதினொன்றில் நான்கு பாயிண்ட் அப்படியே வந்திருக்கிறது. அவர் மனைவி கதவைத் திறந்து உட்கார்ந்து, “ஏங்க, காலத் தூக்காமலே ஏற முடியுதுங்க” என்றார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஜப்பான் எஞ்சினியர் ஒருவர் மொழிபெயர்க்கிற பெண்ணோடு நின்றிருந்தார். நான் தடுப்பதற்குள் சார் போய்விட்டார். கிள்ளானிலிருந்து கடிதம் எழுதியது நான்தான், படித்ததற்கு நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண் மொழிபெயர்த்தாள். எஞ்சினியர் மிஸ்டர் லிம்மைப் பார்த்தார். மிஸ்டர் லிம் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நான் சொன்னது இதுதான்: “எல்லா வாடிக்கையாளர்களின் கருத்துகளையும் தொகுத்து அனுப்பினோம்.” எஞ்சினியர் இடுப்பை வளைத்து வணங்கினார். சாரும் அதேபோல வளைய முயன்று, பழக்கமில்லாததால் பாதியில் நிமிர்ந்து கைகூப்பினார். திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்:

“நீங்க மட்டும் அனுப்பாம விட்டிருந்தா அந்தக் கதவு இப்படி வந்திருக்குமா மணியம்?”

ஒரே ஒரு வரி

அடுத்த வாரம் சார் ஷோரூமுக்கு வந்தார். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டாராம். எங்கோ இருக்கிற ஒரு பெரிய தொழிற்சாலை நம் ஊர்க் கடிதத்தைப் படித்துக் காரை மாற்றியது என்று. பிள்ளைகள் நம்பவில்லை. ஒரு பையன் எழுந்து, பதில் கடிதம் இருந்தால் காட்டுங்கள் சார் என்று கேட்டுவிட்டான். நியாயமான கேள்வி, அறிவியல் வகுப்பில் ஆதாரம் கேட்கத்தானே வேண்டும் என்று சார் பெருமையோடு சொன்னார்.

அவர் போன பிறகு நான் லிண்டாவிடம் போனேன். கம்பெனியின் பெயர் அச்சடித்த தாளில் நான்கு வரி டைப் அடித்துத் தரச் சொன்னேன். ‘தங்கள் கடிதம் கிடைத்தது, தங்கள் கருத்துகள் எங்களுக்குப் பெரிதும் உதவின.’ கீழே யாருடையதும் அல்லாத ஒரு கையெழுத்தை நானே போட்டேன். நன்றாக வந்திருந்தது. அந்தத் தாளை மடித்துப் பையில் வைக்கும்போது சார் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனது காதிலேயே இருந்தது:

“பெருசா ஒண்ணும் வேணாம் மணியம். ‘பெற்றுக்கொண்டோம்’னு ஒரே ஒரு வரி இருந்தாப் போதும்.”

மைலோ

சார் வீடு கிள்ளானில் தென்பக்கம், ஒரு வரிசை வீட்டில். சாயங்காலம் போனேன். முன்வாசலில் பழைய கார், பானெட் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மா மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். சமையற்கட்டிலிருந்து கூடம் வரை வர அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். அந்தப் படத்தில் இருந்த கால் யாருடையது என்று லிண்டா கேட்டபோதும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கால் நடந்து வந்து எனக்கு மைலோ வைத்தபோதுதான் சட்டைப் பையில் இருந்த தாள் கனக்க ஆரம்பித்தது.

“சார், உங்க கடிதத்த நான் அனுப்பவே இல்லை” என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மேசையில் போட்டு வைத்தேன், மறந்துவிட்டேன், அன்று ஹோட்டலில் சொல்லப் பயமாக இருந்தது என்றெல்லாம் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் படித்துச் சிரித்ததைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. சார் காரின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, “அப்ப அந்த வாசல அவங்களாவே யோசிச்சுத் தாழ்த்தியிருக்காங்க. நல்ல ஆளுங்கதான்” என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்தக் கடிதத்தைத் திருப்பித் தர முடியுமா, காப்பி வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்டார். ஷோரூமைப் புதுப்பித்தபோது பழைய மேசைகளை அதில் இருந்த தாள்களோடு லோரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அதையும் சொன்னேன். சார் என் கோப்பையைச் சுட்டிக்காட்டி, ஆறுகிறது குடியுங்கள் என்றார். அப்புறம் சொன்னார்:

“நாலு பாயிண்ட் கார்லயே இருக்கு, அது போதும். மிச்சம் ஏழு என்னான்னு எனக்கே இப்ப ஞாபகம் இல்ல.”

பக்கத்து வீட்டுப் பிள்ளை

எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமி அவர் வகுப்பில் படித்தாள். கார்க் கதையைச் சார் மறுபடி பேசினாரா என்று, ஏதோ சாதாரணமாகக் கேட்கிறவன்போல், வேலிப் பக்கம் நின்று கேட்டேன். அவள் சைக்கிளை நிறுத்தி யோசித்துச் சொன்னாள்:

“சார் தப்பாச் சொல்லிட்டேன்னு எங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாரு அங்கிள். கடுதாசி போய்ச் சேரலயாம். யார் மேல தப்புன்னு பசங்க கேட்டாங்க, தபால்ல போடாம விட்டது என் கவனக்குறைவுதான்னு சொன்னாரு.”

மாறி வந்தவன்

அந்தக் கார் எங்கள் ஷோரூமுக்கு விற்பனைக்கு வரவே இல்லை. ரிங்கிட் விழுந்து நாடே தடுமாறிய நேரம். தலைமை அலுவலகம் யோசித்து யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டது. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு முன்னோட்ட நிகழ்ச்சிக்கும் கணேசன் சாருக்கு நானே அட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “வரேன் மணியம்” என்பார். வரமாட்டார். நாற்காலியில் அவர் பெயர் ஒட்டியிருக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் நானே கிழித்துவிட்டு வருவேன்.

சில மாதங்கள் கழித்து வேறொரு ஜப்பான் கம்பெனி ஷா ஆலாமில் ஒரு மண்டபத்தில் தன் புதுக் காரைக் காட்டியது. போட்டிக் கம்பெனி என்ன செய்கிறது என்று பார்த்து வர மிஸ்டர் லிம் என்னை அனுப்பினார். டையைக் கழற்றி வைத்துவிட்டு, சாதாரணச் சட்டையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். காரின் பின்பக்கம் கணேசன் சார். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து, இறங்கி, மறுபடி ஏறிக் காட்டிக்கொண்டிருந்தார். சார் கையில் ஒரு கெட்டி அட்டை நோட்டு. பக்கங்களுக்கு நடுவே கார்பன் தாள். எழுதி முடித்ததும் மேல் தாளைக் கிழித்து, ஜப்பான் அதிகாரி ஒருவரிடம் நேராகக் கொடுத்தார். அதோடு விடவில்லை. தன்னிடம் இருந்த காப்பியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லி வாங்கி, பார்த்து, நோட்டை மூடினார்.

ஒளிந்துகொள்ளத் தூண்கூட இல்லாத மண்டபம் அது. திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். ஒரு கணம் நோட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். நான் வேவு பார்க்க வந்ததை, வெட்கத்தோடுதான், ஒத்துக்கொண்டேன். அதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. பழைய மரியாதை குறையாமல், உண்மையான நிம்மதியோடு சொன்னார்:

“அப்படியா, நல்லது மணியம். நீங்க இங்க வேலைக்கு மாறி வந்துட்டீங்களோன்னு ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன்.”

இத்தனை வருஷத்தில் எத்தனை பேரைக் கார் வாங்க வைத்தேன் என்று கம்பெனி வருஷா வருஷம் கேட்டது, எத்தனை பேரை ஷோரூம் பக்கமே வராமல் செய்தேன் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை, அதனால்தான் எனக்கு மாலை போட்டு வழியனுப்பினார்கள்.